உயர்ந்த கொடிக்கு ஒரு காரணம்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது இல்லை. அண்ணன் கேட்டு எழுதுகிறேன். என் கதைகளில் ஒன்றைக்கூட இரண்டாம் பக்கம் தாண்டிப் படிக்காத அண்ணன். "உன் கதையில யாரும் எதையும் நேரா சொல்ல மாட்டேங்கறாங்க, எனக்குத் தூக்கம் வருது" என்பதுதான் என் எழுத்தைப் பற்றி அவர் வைத்திருக்கும் ஒரே விமரிசனம். அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் சொல்வார்.

அப்படிப்பட்டவர் ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்து, நான் எழுதும் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கு ஒரு கதை எழுதிக் குடு" என்றார்.

"என்ன கதைண்ணா?"

"என் கதைதான். நடுவுல ரெண்டு மாசத்தக் காணோம். கண்ண மூடித் தெறந்தா ஆஸ்பத்திரில இருக்கேன், எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நீ வரிசையா எழுதிக் குடு. நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"மனப்பாடம் பண்ணினா அது ஞாபகம் ஆயிடுமா?"

"வேற வழி? ஆனா ஒண்ணு, கதை விடாத."

கதை எழுதச் சொல்லிவிட்டுக் கதை விடாதே என்றால் நான் என்னதான் செய்வது? முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் குரலை இறக்கினார்.

"ஆஸ்பத்திரில உங்க அண்ணிகிட்ட நான் என்னவோ சொல்லியிருக்கேன். என்னன்னு கேட்டா சிரிச்சிட்டு எழுந்து போயிடறா. அது நல்ல சிரிப்பா, மனசுல வெச்சுக்கிட்டுச் சிரிக்கற சிரிப்பான்னு புரியல. புத்தி கலங்கின நேரத்துல வாயில என்ன வந்துச்சோ. எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. எப்படியாவது கேட்டு அதையும் எழுதிடு. மன்னிப்புக் கேக்கறதுன்னாலும் எதுக்குன்னு தெரியணும்ல?"

என் கதையைப் படித்தால் தூக்கம் வரும் மனிதர் தூக்கம் வரவில்லை என்கிறார். இதற்கு மேல் ஒரு தங்கை என்ன செய்ய முடியும்? ஒப்புக்கொண்டேன்.

2

எழுத எழுத அண்ணன், அண்ணி இருவருக்கும் படிக்கக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். என் ஆயுளில் செய்யாத காரியம். இதுவரை நான் எழுதிய மனிதர்கள் யாரும் என் கையெழுத்துப் பிரதியைப் பிடுங்கி 'இது பொய்' என்று சொன்னதில்லை. அவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இவர்கள் இருவருக்கும் உண்டு. சதுர அடைப்புக்குறிக்குள் 'கொடி' என்று தொடங்கினால் பேசுவது அண்ணன். வார நாட்களில் அவருக்கு, கடைகளில் இருக்கும் தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், அலுவலக அணிகள் விளையாடும் கால்பந்துப் போட்டிகளுக்கு எல்லைக்கோட்டு நடுவர். கோட்டோரம் கொடியோடு ஓடுவதால் ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'கொடி சார்'. 'பிரேக்' என்று தொடங்கினால் அண்ணி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவளுடைய இருக்கைக்குக் கீழேயும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அது இல்லாத இடத்திலும் அவளுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். [பிரேக்: அவர் மட்டும் 'அவர்', நான் 'அவளா'?] மன்னிக்கவும் அண்ணி. இனி நீங்களும் 'அவர்'தான்.

முதல் பகுதியை மட்டும் அண்ணிக்குக் காட்டவில்லை. அண்ணனின் வேண்டுகோள்.

தொடக்கம், முதல் முயற்சி: அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தின் மேல் கருமேகங்கள் திரண்டு, வரப்போகும் துயரத்தை [பிரேக்: வெயில் கொளுத்துச்சு. என் மூக்கே உரிஞ்சுபோச்சு.]

இரண்டாவது முயற்சி: நமது குருதியில் எதிர்பொருள்கள் என்னும் நுண்ணிய புரதங்கள் இடையறாது சுற்றி வருகின்றன. அந்நியக் கிருமிகளை இனம் கண்டு [கொடி: தூக்கம் வருது. அதுவரைக்கும் சந்தோஷம்.]

மூன்றாவது முயற்சிக்கு இருவரும் வாயைத் திறக்கவில்லை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கொடி சார் முதன்முதலாகக் கண்ணடித்தது ஒரு கோல்கீப்பரைப் பார்த்து.

தபால் பிரிப்பவர்கள் அணிக்கும் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்கள் அணிக்கும் இறுதிப் போட்டி. லிஃப்ட் அணி அடித்த பந்து வலைக்குள் போனது. அந்த நொடியில் கோட்டோரம் கொடி சாரின் வலது கை விருட்டென்று மேலே போனது, கொடி படபடத்தது. கூடவே முகத்தின் வலது பக்கம் சுருங்கி, கண் மூடித் திறந்தது. தபால் கோல்கீப்பர் திகைத்துப்போய்ப் பதிலுக்கு ஒரு முறை கண்ணடித்து வைத்தார். பாவம், மரியாதைக்குச் செய்தது.

கொடியைப் பார்த்த ரெஃபரி விசிலை ஊதினார். கோல் செல்லாது. எல்லைக்கோட்டு நடுவர் கொடி தூக்கினால் ஆஃப்சைடு. பந்து வரும் முன்பே ஆட்டக்காரர் எதிரணியைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறார் என்று பொருள்.

லிஃப்ட் அணி மொத்தமும் கொடி சாரைச் சூழ்ந்துகொண்டது.

"யார் சார் ஆஃப்சைடு?"

"எட்டாம் நம்பர். ஒரு காலடி முன்னால நின்னான்."

"எட்டாம் நம்பர் அங்க வெளிய உக்காந்து தண்ணி குடிச்சிட்டிருக்கான் சார்!"

கொடி சார் திரும்பிப் பார்த்தார். எட்டாம் நம்பர் வாயில் வைத்த பாட்டிலோடு கை அசைத்தார். "அப்போ பதினொண்ணு" என்றார் கொடி சார், கொஞ்சமும் அசராமல்.

பார்வையாளர் வரிசையில் அண்ணியின் கால் பலகையை ஓங்கி அழுத்தியது. கணவரை அவருக்கு நன்றாகத் தெரியும். தவறான ஆளுக்குக் கொடி தூக்குகிறவர் இல்லை. ஆனால் தூக்கிய பிறகு இறக்குகிறவரும் இல்லை. "தூக்கின கொடிய இறக்கினா, அப்புறம் அது கொடி இல்ல, மேசை தொடைக்கிற துணி" என்று கல்யாணமான புதிதில் சொன்னவர். வீட்டில் எந்தச் சண்டையிலும் அதே சட்டம்தான்.

அதற்கடுத்த வாரங்களில் வீட்டில் டம்ளர்கள் பறந்தன. "வழுக்குது" என்றார். ரிமோட் சுவரில் மோதியது. "நல்லதா ஒண்ணும் ஓடல" என்றார். வேலை செய்யும் இடத்தில் எடைக்கல் மேலதிகாரியின் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. "கல்ல யாரோ எண்ணெய்க் கையால தொட்டிருக்காங்க" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கை இழுத்ததோ, அத்தனை தடவையும் ஒரு சப்பைக்கட்டு தயாராக வந்து நின்றது. ஒவ்வொன்றும் நம்பும்படியாகவும் இருந்தது. வலிப்பு என்றோ நோய் என்றோ யாருக்கும் தோன்றாமல் போனதற்கு அதுதான் காரணம். அண்ணனுடைய வியாதியை அண்ணனுடைய வாய்தான் ஒளித்து வைத்திருந்தது.

[கொடி: பதினொண்ணு நிஜமாவே ஆஃப்சைடா இருந்திருக்கலாம்.]

(என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. கை முதலில் தூக்கிவிடுகிறது, காரணம் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறது. இது நோய் என்றால் எழுதுகிறவர்களில் பாதிப் பேரை இன்றைக்கே படுக்கையில் போட வேண்டும். 'ஏன் அந்தக் கதையில் அவள் திரும்பி வரவில்லை?' என்று கேட்கும் வாசகர்களுக்கு நான் சொன்ன பதில்கள் எல்லாமே எட்டாம் நம்பர்தான்.)

4

இந்த இடத்தில் எனக்கு அண்ணி பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. என் முதல் பிரதியில் அவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே உணர்ந்து, ஜன்னலோரம் நின்று கண் கலங்குகிறார். நிஜ அண்ணி ஜன்னலோரம் நிற்க மாட்டார். நின்றாலும் எதிர் வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கும் அழகைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதற்காகத்தான் இருக்கும். நடந்ததை அவரே சொன்னபடி எழுதுகிறேன்.

அவர் அண்ணனை வெளுத்து வாங்கினார். "என்னாச்சு உங்களுக்கு? வேணும்னே பண்றீங்களா?" அண்ணன் ஒரே கேள்வியைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நாலு தடவை கேட்டார்: "இந்த ஞாயித்துக்கிழம மேட்ச் இருக்கா?" முதல் தடவை அண்ணி பதில் சொன்னார். இரண்டாவது தடவை எரிந்து விழுந்தார். நாலாவது தடவை, கேள்வி கேட்கும் முகத்தில் இதற்கு முன் கேட்ட அடையாளமே இல்லை என்பதைக் கவனித்தார். கையில் இருந்த கார் சாவியைக் கீழே வைத்தார்.

மறுநாள் கடைக்குப் போய்த் திரும்பும்போது அண்ணன் காரை ஓட்டினார். அது அண்ணியின் பயிற்சிக் கார். பக்கத்து இருக்கையில் அவருடைய பிரேக் இருக்கிறது என்ற தைரியம். நாலு சாலைகள் பிரியும் இடத்தில் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் ஹாரன்கள் அலறின. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அந்தச் சாலைகளில் ஒன்றில்தான் அவர்கள் வீடு இருக்கிறது.

"ரோட்ட மாத்திட்டாங்க" என்றார் மெதுவாக.

காரணம் வந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை சொன்னவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. அண்ணியின் கால் பிரேக்கைத் தேடிப் போய் அழுத்தியது. ஓடும் வண்டியை நிறுத்தத் தெரியும் அவருக்கு. இது ஏற்கெனவே நின்றுபோன வண்டி. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்றார் என்னிடம். பிறகு இறங்கி, சுற்றி வந்து, அண்ணனைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொல்லி, ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

[பிரேக்: இது சரி. வெட்டாதே.]

5

முதலில் பார்த்த டாக்டர் களைப்பு என்றார், தூங்க மாத்திரை கொடுத்தார். இரண்டாவதாகப் பார்த்தவர் வலிப்பு மாத்திரை கொடுத்தார். கை இழுப்பது நிற்கவில்லை. மூன்றாவதாகப் போனது நரம்பு டாக்டரிடம். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. பேச்சைவிடப் பார்வை அதிகம்.

இதற்கிடையில் லிஃப்ட் அணி சும்மா இருக்கவில்லை. இறுதிப் போட்டியை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். கொடி தூக்குவதும் கண்ணடிப்பதும் ஒரே நொடியில் நடக்கும் இடத்தை மட்டும் வெட்டி, 'கோல்கீப்பருக்குச் சிக்னல் கொடுக்கும் நடுவர்' என்று தலைப்பிட்டு ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். பின்னணியில் ஒரு கேலி இசை வேறு. அண்ணனைப் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தார்கள். அண்ணிக்கு வந்த கோபம் இருக்கிறதே, நரம்பு டாக்டரிடம் நோயைச் சொல்வதை விட்டுவிட்டு இதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இந்த அநியாயத்தப் பாருங்க டாக்டர். மனுஷன் உடம்பு சரியில்லாம இருக்கும்போது இப்படிப் பண்ணலாமா?"

டாக்டர் செல்போனை வாங்கினார். பார்த்தார். திரும்பப் பார்த்தார். சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த வீடியோவைச் சிரிக்காமல் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"கையும் முகமும் ஒரே பக்கம், ஒரே சமயத்துல" என்றார். "ஒரு நாளைக்கு எத்தன தடவ வருது?"

"எண்ண முடியாது டாக்டர்."

"ரத்தத்துல சோடியமும் கொறஞ்சிருக்கு. ஞாபகமும் தப்புது." செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். "இத எடுத்தவங்களுக்கு நன்றி சொல்லுங்க. இன்னிக்கே அட்மிட் பண்ணிடலாம்."

சந்தேகத்தை உறுதி செய்ய ரத்தமும், முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரும் வேறொரு ஆய்வுக்கூடத்துக்குப் போயின. டாக்டர் விளக்கிச் சொன்னதை அண்ணி என்னிடம் சொன்ன விதத்தில் தருகிறேன். மூளையில் ஒரு செல் இன்னொரு செல்லோடு பேசும் இடத்தில் ஒரு புரதம் இருக்கிறது. பேச்சு ஒழுங்காக நடப்பதற்கு அது வேண்டும். அண்ணனின் உடம்பு, கிருமியைப் பிடிக்க வேண்டிய எதிர்பொருளை அந்தப் புரதத்துக்கு எதிராகத் தயாரித்துவிட்டது.

"அப்போ சொந்த ஆளுக்கே கொடி தூக்குதா?" என்று அண்ணி கேட்டாராம்.

டாக்டர் யோசித்துவிட்டு, "அதேதான்" என்றாராம்.

"கொடியப் பாத்ததும் மத்தவங்களும் விசில் ஊதிடறாங்களா?"

"ஆமா."

"இறக்கவே இறக்காதா? இவர மாதிரியா?"

"இறக்க வைக்கலாம். மருந்து இருக்கு. சீக்கிரம் வந்துட்டீங்க."

அண்ணி அங்கேயே அழுதுவிட்டார். அழுகை முடிந்ததும் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து அண்ணனுக்குத் தலை வாரிவிட்டாராம். ஏன் என்று கேட்டேன். எதையாவது சரி செய்ய வேண்டும் போல இருந்தது என்றார்.

(ஓரக்குறிப்பு. எழுதத் தொடங்கிய பிறகு நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அண்ணனுடைய புரதத்தின் பெயர் எல்ஜிஐ1. கார் நம்பர் மாதிரி இருக்கிறது என்றார் அண்ணி. இந்த மாதிரி எதிர்பொருள்கள் பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கு. ஒன்று தசையும் நரம்பும் சேரும் இடத்தைக் குறிவைத்தால் இமை தொங்கிப்போகும். இன்னொன்று பார்வை நரம்பைத் தாக்கும். வேறொன்று, நேற்று வரை நன்றாக இருந்த ஓர் இளம்பெண்ணைத் திடீரென்று யாரோ துரத்துவதாகக் கத்த வைக்கும். மனம் பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். காரணம் ரத்தத்திலும் முதுகுத் தண்டு நீரிலும் இருக்கும், தேடினால் கிடைக்கும். இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன் என்று தெரிகிறது. [கொடி: இந்த எடத்துல நான் தூங்கல.])

6

இந்தப் பகுதியிலிருந்து அண்ணனுக்குக் காட்டவில்லை. அண்ணி மட்டும் படித்தார்.

ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பிறகு, முகம் தெரியாத பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நல்ல எதிர்பொருள்களைச் சொட்டுச் சொட்டாக ரத்தக் குழாயில் இறக்கினார்கள். மருந்து வேலை செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னால் நடந்தது இது. அண்ணனின் குழப்பம் உச்சத்தில் இருந்த பகல் வேளை. அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்" என்றார் அண்ணன்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"சிஸ்டர், வெளிய என் பொண்டாட்டி நிக்கறாளான்னு கொஞ்சம் பாருங்க."

இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தவருக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை. 'நான்தாங்க' என்று சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லை. சொல்லி, அவர் நம்பாமல் போய்விட்டால்? எழுந்து நடைபாதை வரைக்கும் போனார். அங்கே நின்றார். யாரும் இல்லாத நடைபாதையைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"நிக்கறாங்க" என்றார்.

"என்ன பண்றா?"

"சும்மா நிக்கறாங்க."

"வலது காலால தரைய அழுத்தறாளா?"

அண்ணி குனிந்து தன் காலைப் பார்த்தார். "ஆமா."

"அப்போ அவதான்." அண்ணன் நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தார். பிறகு கையைக் காட்டி அருகில் கூப்பிட்டார். "சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

அதன் பிறகு சொன்னது என்ன?

அண்ணி இதுவரைதான் சொன்னார். இதற்குமேல் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆக, நானே எழுதிப் பார்த்தேன்.

(அ) "கல்யாணத்துக்கு முன்னாடியே அவள நான் பாத்திருக்கேன் சிஸ்டர். மைதானத்துக்குப் பக்கத்துல கார் ஓட்டிப் பழகிட்டிருந்தா. அவளப் பாத்துக்கிட்டே ஒரு ஆஃப்சைட விட்டுட்டேன்." [பிரேக்: இல்ல. ஆனா நல்லாருக்கு.]

(ஆ) "அவ சமைக்கறது எனக்குப் பிடிக்காது சிஸ்டர். ஆனா முழுசா சாப்பிட்டுடுவேன்." [பிரேக்: வீட்ல சமைக்கறது அவர். இதுகூடத் தெரியாதா?]

(இ) "அவ போட்ட சண்டையில பாதிக்கு மேல அவ சொன்னதுதான் சரி. நான் கொடிய எறக்கல, அவ்வளவுதான்." [பிரேக்: இதத் தனியா ஒரு தாள்ல எழுதிக் குடு. ஃபிரேம் போட்டு மாட்டணும். ஆனா இது இல்ல.]

7

எழுதித் தீராது என்று தெரிந்ததும் நேரில் போனேன். அண்ணி ஒரு பல் டாக்டருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். பல் டாக்டர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், அவருடைய நோயாளிகள் நாற்காலியை எப்படிப் பிடிப்பார்கள் என்று புரிந்தது.

"அண்ணி, அண்ணன் பயந்துகிட்டிருக்கார்."

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரில உங்கள என்னவோ தப்பா சொல்லிட்டோம்னு. நீங்க அத மனசுல வெச்சுக்கிட்டு வெளிய சிரிக்கறீங்கன்னு. தூங்கவே இல்ல. மன்னிப்புக் கேக்கறதுக்குத்தான் இந்தக் கதையே."

கார் குலுங்கி நின்றது. பல் டாக்டர் கைகளை உயர்த்திக் காட்டினார், தான் ஒன்றும் செய்யவில்லை என்று.

"பயமா?" அண்ணி முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "லூசு மனுஷன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டாராம். நீங்க சிரிச்சிட்டுப் போயிட்டீங்களாம்."

அண்ணியின் கண் ஓரம் ஈரமாகியது. "பாவம்" என்றார். "நான் ஒரு கணக்குப் போட்டா அவர் ஒரு கணக்குப் போட்டிருக்கார்."

"சொல்லிடுங்க அண்ணி. நான் எழுதிடறேன், அவர் படிச்சுக்கட்டும்."

"அதுதான் கூடாது. அத அவர் எங்கிட்ட சொல்லல. யாரோ ஒரு சிஸ்டர்கிட்ட சொன்னார். இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவகூடச் சொன்னதில்ல. நீ எழுதிக் குடுத்தேன்னு வை, மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பார். எனக்கு ஒப்பிக்கறது வேணாம். நான் யாருன்னு தெரிஞ்சு, அவரா சொல்லணும். அதுக்காகத்தான் வாய மூடிக்கிட்டிருக்கேன்."

"அவரா சொல்லவே இல்லன்னா?"

"சொல்லலன்னா என்ன. ஒரு தடவ காதுல விழுந்துடுச்சில்ல. அது போதும்" என்றார். ஆனால் போதும் என்று சொன்ன குரல் அது இல்லை.

பல் டாக்டர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அவர் அப்படி என்னதான் மேடம் சொன்னார்?"

"ரோட்டப் பாருங்க" என்றார் அண்ணி.

8

வாசகரே, இப்போது என் சங்கடம் புரிகிறதா? எழுதினால் அண்ணி காத்திருப்பது கெட்டுப்போகும். எழுதாவிட்டால் அண்ணன் தூங்க மாட்டார். மற்ற கதைகளில் நான் பொய்யாக ஒரு வாக்கியம் போட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. இங்கே நான் போடும் வாக்கியத்தை ஒரு மனிதர் தன் ஞாபகமாக மாட்டிக்கொள்ளப் போகிறார்.

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில், கொடி சார் மைதானத்துக்குத் திரும்புகிறார், லிஃப்ட் அணி கை தட்டி வரவேற்கிறது. (இதில் பாதி உண்மை. லிஃப்ட் அணி வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டது. 'அந்தக் கோலையாவது குடுத்துடுங்க சார்' என்றும் கேட்டது. அண்ணன் கொடுக்கவில்லை.) இன்னொன்றில் நோய் திரும்பி வருகிறது. வரக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கிறார், அண்ணனும் ஒழுங்காகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து வருகிறார். என் வழக்கமான கதையாக இருந்தால் இந்த முடிவைத்தான் வைத்திருப்பேன். மூன்றாவது முடிவில் எல்லோரும் [பிரேக்: மூணாவது வேணாம். அப்படியே அவர்கிட்ட குடுத்துடு. முதல் பக்கத்துலேர்ந்து.]

கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. இன்னும் மைதானத்துக்குப் போக டாக்டர் அனுமதி தரவில்லை என்பதால் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து படித்தார், கையில் கொடியோடு. பொய் வரும் இடத்தில் தூக்குவதற்காம். இரண்டாம் பக்கத்தைத் தாண்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எட்டாம் நம்பர் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். நாலு சாலை பிரியும் இடத்தில் தாளைக் கீழே வைத்து, கொஞ்சம் பொறுத்து எடுத்தார். கொடி ஒரு தடவைதான் உயர்ந்தது, சமையல் விஷயத்தில். அந்தக் கை இழுக்கவில்லை, அவராகவே தூக்கினார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஏழாம் பகுதியை இரண்டு முறை படித்தார். பிறகு கொடியைச் சுருட்டி என்னிடம் நீட்டினார்.

"இங்க வா" என்று உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

அண்ணி வந்தார். எதிரே உட்கார்ந்தார். கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக அண்ணியைப் பார்த்தார்.

"வெளிய என் பொண்டாட்டி நிக்கறாளா?"

"இல்ல" என்றார் அண்ணி. "உள்ள உக்காந்திருக்கா."

"தெரியும்" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் வெளிய போய்க் கதவச் சாத்திக்கோ."

"அண்ணா, நான்தான் இத எழுதறேன்!"

"அதனாலதான் சொல்றேன்."

சாத்திக்கொண்டேன். கையில் கொடியோடு கதவுக்கு வெளியே நின்றேன். ஒட்டுக்கேட்டேனா என்றால், கேட்டேன், அதில் என்ன வெட்கம். அண்ணனின் குரல் தணிந்து எதையோ சொன்னது, திணறி நின்றது, மறுபடி சொன்னது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அதன் பிறகு அண்ணி சிரித்த சிரிப்பு கேட்டது. அது எந்தச் சிரிப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

கதவு திறந்ததும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அதேதானா அண்ணி? ஆஸ்பத்திரில சொன்னதேதானா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இல்ல" என்றார். "இது வேற."

"ஐயோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன? இப்போ எங்கிட்ட ரெண்டு இருக்கு."

ஆக, உங்களுக்கு நான் தர வேண்டிய வாக்கியங்கள் இரண்டாகிவிட்டன. இரண்டுமே என்னிடம் இல்லை. கதவுக்கு வெளியே நின்ற ஆளிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்? இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததை நிரப்பிக்கொள்ளுங்கள்.

சிஸ்டரிடம் சொன்னது: . . . . . . . . . . . . . . .

அண்ணியிடம் சொன்னது: . . . . . . . . . . . . . . .

[கொடி: ரெண்டாவதுக்கு எடம் பத்தாது. இன்னும் கொஞ்சம் விடு.]

சரி அண்ணா. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

[பிரேக்: போதும். இங்கயே நிறுத்து.]